கட்டுரையில் தொட்டில் செய்தவன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். ஒரு கதை சொல்கிறேன். சிரிப்பு வரும் இடங்கள் இருக்கின்றன, வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு ஆறாத கோபத்தில்தான் இதைச் சொல்கிறேன். ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஒரே குழந்தைக்குத் தாயும் தகப்பனும் ஆனார்கள். அந்தக் குழந்தையின் பேரைச் சொல்லி ஒரு கல்லூரி அவனை உள்ளே கூப்பிட்டது. அதே குழந்தையின் பேரைச் சொல்லி அவளை வெளியே நில் என்றது. அவள் உள்ளே போனாளா இல்லையா என்பதுதான் கதை.

அமெரிக்காவில், வெர்மாண்ட் மலைப்பக்கத்தில் டன்மீட் கல்லூரி. அங்கே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற அலுவலகத்தில் காபி போடுவது என் வேலை. தேர்வுக் குழுவில் ஏழு பேர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு பெரிய பாத்திரம் காலியாகும். நான் நிரப்பிக்கொண்டே இருப்பேன். காது சும்மா இருக்குமா?

மதிப்பெண் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு கட்டுரை கேட்பார்கள். அறுநூற்றைம்பது வார்த்தையில் நீ யார் என்று நீயே எழுத வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கையில் எங்கே அடிபட்டது, எப்படி எழுந்தது என்று எழுத வேண்டும். அடிபடாத பிள்ளைகள் பாவம், அடியைத் தேடிக்கொண்டு அலைவார்கள். வசதியுள்ள வீடுகளில் அதற்கென்றே ஆலோசகர் வைத்துக்கொள்வார்கள்.

எந்த மாவட்டத்து விண்ணப்பத்தை யார் படிப்பது என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஏரியை ஒட்டிய மாவட்டம் வில்மா கெர்னுக்கு. ஐம்பத்தொரு வயது, தனி ஆள். சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை சந்தேகப்படுகிறவர். அந்த வில்மாவே ஒரு நவம்பர் மாதம் ஒரு கட்டுரையைக் குழுவில் வாசிக்கும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டார்.

எழுதியவன் ஸ்பென்சர் லாத்ரோப். தனியார் பள்ளி மாணவன். அவன் அம்மா மெரிடித் இதே டன்மீட்டில் படித்தவர், பழைய மாணவர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பையன் எழுதியிருந்தது இது:

"வருகிற வசந்தத்தில் நான் தகப்பனாகப் போகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் அவளோடு பிரசவ வகுப்புக்குப் போகிறேன். கைக்குழந்தையைத் துணியில் எப்படிச் சுற்றுவது என்று ஒரு துணிப் பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டேன். மற்ற மாலைகளில், என் தாத்தாவின் கொட்டகையில், மேப்பிள் பலகையில் ஒரு தொட்டில் செய்கிறேன். பலகையை இழைக்க இழைக்க, இழைபடுவது நான்தான் என்று புரிகிறது."

குழுவின் தலைவர் டீன் டக்ளஸ் ஹோல்கோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினேழு வயசுல என்ன பொறுப்பு! என் வயசுக்கே எனக்கு இது வரலயே!"

"இழைபடுவது நான்தான்... என்ன எழுத்து," என்றார் இன்னொருவர். காகிதக் கைக்குட்டைப் பெட்டி மேஜையைச் சுற்றி வந்தது. நான்கூட ஒன்று உருவினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். வில்மா ஐந்துக்கு ஐந்து போட்டார். ஏழு கையும் தூக்கப்பட்டது. டிசம்பரிலேயே அவனுக்கு இடம் உறுதியானது.

மார்ச் மாதம் கோரின் திபோவின் விண்ணப்பம் குழுவுக்கு வந்தது. அதே மாவட்டம், அரசுப் பள்ளி. அப்பா ஆர்மான் பெரிய பண்ணை ஒன்றில் பால் கறக்கும் கூலியாள். அம்மா இல்லை. பெண் எழுதியிருந்தது பாலைக் குளிரவைக்கும் ஒரு தொட்டியைப் பற்றி. பண்ணையில் மூன்று வாரமாகப் பால் கெட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் மாடுகளைச் சந்தேகப்பட்டார்கள். இவள் தினம் நான்கு வேளை குளிர்நிலையைக் குறித்து வைத்து, கோளாறு தொட்டியின் ஒரு வால்வில் என்று கண்டுபிடித்திருக்கிறாள். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அவ்வளவுதான் கட்டுரை. கண்ணீர் கிடையாது.

"ஒரு வால்வுக்கா இத்தனை வரி?" என்றார் டீன். "இந்தப் பொண்ணு யாருன்னே தெரியலயே, வில்மா. மனசத் திறக்கவே இல்ல."

"மத்த பசங்க எல்லாம் தங்களப் பத்தியே எழுதறாங்க, டக்ளஸ். இவ ஒருத்திதான் வேலையப் பத்தி எழுதியிருக்கா. அதுலயே தெரியல, யாருன்னு?"

நாற்பது நிமிஷம் வாதாடினார் வில்மா. கடைசியில் நாலு கை மேலே, மூணு கை கீழே. டீனின் கை கீழே. எப்படியோ, கோரினுக்கு இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையோடு.

ஏப்ரல் முதல் வாரம் கோரினின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் அதை நல்லெண்ணத்தில்தான் எழுதியிருந்தார்கள். மார்ச் இருபதாம் தேதி கோரினுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பத்தே நாளில் வகுப்புக்குத் திரும்பிவிட்டாள், இப்போதும் வகுப்பில் முதலிடம் அவள்தான் என்று பாராட்டி எழுதியிருந்தார்கள்.

டீன் வில்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் பழைய கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மறைச்சிட்டா பாத்தீங்களா?" என்றார்.

"எத மறைச்சா?"

"இவ்வளவு பெரிய விஷயம். கட்டுரையில ஒரு வரி இருக்கா? வால்வப் பத்தி எழுதத் தெரியுது!"

"நாம அதக் கேக்கவே இல்லயே."

"கேக்கணுமா? நேர்மைன்னு ஒண்ணு இருக்கு, வில்மா. சரி, அது போகட்டும். முதல் வருஷம் எல்லாரும் விடுதியிலதான் தங்கணும். விடுதியில கைக்குழந்தை கூடாது. இந்த விதிய நானா எழுதினேன்? நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து இருக்கு."

"அப்ப இடத்தப் பறிக்கறீங்க."

"யார் பறிக்கறது? குழந்தைக்கு ரெண்டு வயசாகட்டும், மறுபடியும் விண்ணப்பம் போடட்டும். நம்ம கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்."

"மறுபடியும் விண்ணப்பம்னா மறுபடியும் ஏழு பேர், மறுபடியும் கை. உதவித்தொகையும் போயிடும். ரெண்டு வருஷம் பண்ணையில நின்னுட்டா அவ திரும்பி வருவாளா?"

டீன் ஒரு உறையை மேஜைமேல் நகர்த்தினார். "சனிக்கிழமை வரவேற்பு நாள். அவளும் வருவா. நீங்களே பக்குவமா சொல்லிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்."

பக்குவமாக! கழுத்தை நெரிக்கிறவன் கைக்கு வெண்ணெய் தடவிக்கொண்டால் அதற்குப் பேர் பக்குவமா? வில்மா அந்த உறையை எடுத்தார். அவர் ஏன் எடுத்தார் என்று எனக்கு அன்றைக்கு அவர்மேலும் கோபம். பிறகு அவரே என்னிடம் சொன்னார், "வேற யாராவது சொன்னா இன்னும் மோசமாச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." பயப்படுகிற நல்லவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

சனிக்கிழமை. பனி உருகி ஊரெல்லாம் சேறு. தேர்வான பிள்ளைகளும் பெற்றோர்களும் முழங்கால்வரை சேறு தெறிக்க வந்து இறங்கினார்கள். வாசலில் ஆளுக்கொரு பச்சைப் பை கொடுத்தேன். உள்ளே ஒரு தொப்பி, மேப்பிள் மிட்டாய், ஒரு சின்னப் புத்தகம். அந்த வருஷம் தேர்வானவர்களின் மிகச் சிறந்த கட்டுரைகளைப் பொறுக்கி, எழுதினவர்கள் சம்மதத்தோடு, பேர் போட்டு அச்சடித்த புத்தகம். நானூறு வீடுகளுக்கு முன்பே தபாலிலும் போய்விட்டது. திபோ வீட்டுக்குப் போனது பண்ணையின் தபால் பெட்டியில் கிடந்து நனைந்துவிட்டதாம்.

கோரின் அப்பாவோடு வந்தாள். மாரில் துணித் தூளியில் நாலு வார சிசு, பேர் ஓடெட். ஆர்மான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார், காலில் மட்டும் மாட்டுக்கொட்டகை பூட்ஸ். நான் அவர்களைக் காபி மேஜைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். குழந்தை அழுதது, கோரின் சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாள்.

வில்மா வந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மிஸ் கெர்ன்!" என்று கோரின் முகம் மலர்ந்தது. "நீங்கதான் எனக்காகப் பேசினீங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. எந்திரிக்க முடியல, மன்னிச்சுக்கோங்க. இவ பிடிச்சா விட மாட்டா."

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்," என்றார் வில்மா. உட்கார்ந்தார். குழந்தையைப் பார்த்தார். "கோரின், நான் உன்கிட்ட ஒரு விஷயம்..."

ஆர்மானுக்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்த புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்து, உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று தலையைத் தூக்கினார்.

"கோரி, இங்க பாரு. ஒரு பையன் அவன் குழந்தைக்குத் தானே தொட்டில் செஞ்சிருக்கான். மேப்பிள்ல! கெட்டிக்காரன்டி. செவ்வாய்க்கிழமையானா அந்தப் பொண்ணோட பிரசவ வகுப்புக்கெல்லாம் போறானாம். உலகத்துல இப்படியும் பசங்க இருக்காங்க."

"யாருப்பா அது?"

"பேரா? இரு..." விரல் மேலே ஏறியது. "ஸ்பென்சர்... லாத்..."

ஆர்மான் நிறுத்திவிட்டார்.

கோரின் ஒரு கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். படித்தாள். இரண்டு தரம் படித்தாள். குழந்தை பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்பு ஏறியதை நான் பார்த்தேன்.

"ஏம்ப்பா, நமக்கு யாராச்சும் தொட்டில் கொண்டுவந்து குடுத்தாங்களா? நான் பிரசவ வலியில இருந்தப்ப வந்து வச்சுட்டுப் போயிட்டாங்களா?"

"இவ துணிக்கூடையிலதானே தூங்கறா," என்றார் ஆர்மான், கேள்வி புரியாதவர்போல.

வில்மாவுக்குப் புரிந்துவிட்டது. "இந்தக் குழந்தை... அந்தப் பையனோட..."

"இதே குழந்தைதான் மிஸ் கெர்ன். ஆகஸ்ட்ல அவன்கிட்ட சொன்னேன். மறுநாள் போன் நம்பர மாத்திட்டான். அதுக்கப்புறம் இன்னிக்கித்தான் அவன் கதை எனக்குத் தெரியுது. செவ்வாய்க்கிழமை வகுப்பா? அங்க எல்லா வாரமும் என் கூட உக்காந்தது எங்கப்பா! துணிப் பொம்மைய சுத்தத் தெரியாம தலைகீழாப் பிடிச்சவரு இவரு!" ஆர்மான் தலைகுனிந்தார். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே. என்ன?"

வில்மா உறையை எடுத்துக் கொடுத்தார். வேறென்ன செய்வார்? கோரின் படித்து முடித்தபோது நான் பாத்திரத்து மூடியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னை ஏன் எடுக்க முடியாது?" கோரின் மெதுவாகத்தான் கேட்டாள். "ஏன்னா எனக்குக் குழந்தை இருக்கு. அவன ஏன் எடுத்தீங்க?"

வில்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கட்டுரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க மிஸ் கெர்ன். ஏன் எடுத்தீங்க அவன?"

"ஏன்னா அவனுக்குக் குழந்தை இருக்கு," என்றார் வில்மா. சொல்லிவிட்டு எழுந்தார். அத்தனை வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை. மூக்கு நுனி வெளுத்துப்போயிருந்தது. "நான்தான் ஐந்துக்கு ஐந்து போட்டேன். நான்தான் அழுதேன். அந்தக் கட்டுரையில பொண்ணுக்கு ஒரு பேர்கூட இல்லன்னு எனக்கு அன்னிக்கி உறைக்கவே இல்ல. வாம்மா என்கூட."

கால் மணி நேரத்தில் டீன் அறையில் கூட்டம். டீன், வில்மா, கோரின், ஆர்மான். ஸ்பென்சர் மேடையில் புதியவர்களை வரவேற்றுப் பேசவிருந்தான். அவனையும் மெரிடித்தையும் வில்மா அங்கிருந்தே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரும் கேட்காமலே நான் காபித் தட்டோடு உள்ளே போனேன். யாரும் குடிக்கவில்லை. நானும் வெளியே போகவில்லை.

ஸ்பென்சர் நல்ல உயரம், புதுத் தொப்பி. கோரினைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

"தொட்டில் எங்கடா?" என்றாள் கோரின்.

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்கற? அவங்க தலையிலயா வச்சிருக்க?"

"இங்க பாரும்மா," என்று மெரிடித் முன்னால் வந்தார். "உன் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அவன் சின்னப் பையன்."

"நான் அவனவிட நாலு மாசம் சின்னவ."

"இது குடும்ப விவகாரம், இங்க பேசறது..." என்று டீன் ஆரம்பித்தார்.

"குடும்ப விவகாரத்த அச்சடிச்சு நானூறு வீட்டுக்கு அனுப்பினது யாரு?" என்றார் வில்மா.

ஸ்பென்சர் வாயைத் திறந்தான். "ஆலோசகர்தான் கோரி... உனக்கு நடந்ததுலயே பெரிய விஷயம் என்னன்னு கேட்டாரு. சொன்னேன். அவருதான் கொஞ்சம் பெரிசாக்கி..."

"உனக்கு நடந்ததா?" கோரின் குரல் அந்த அறையின் ஜன்னலை அதிரவைத்தது. "உனக்கா நடந்துச்சு? பதினாலு மணி நேரம் உனக்கா வலிச்சது? பஸ்ல ஏறினா பின் சீட்டுப் பசங்க மாடு மாதிரிக் கத்தினாங்களே, உன்னப் பாத்தா கத்தினாங்க? எனக்கு நடந்தத நான் எழுதல. எழுதினா பரிதாபப்பட்டு எடுப்பீங்கன்னு எழுதல! இவன் என்னடான்னா எனக்கு நடந்தத எடுத்துத் தனக்கு மாலையாப் போட்டுக்கிட்டான்!"

குழந்தை விழித்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. யாருக்கும் அதை அடக்க மனசு வரவில்லை.

வில்மா சிவப்புப் பேனாவால் அந்தப் பையனின் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் தட்டினார். "இங்க அவன் கையெழுத்து இருக்கு, டக்ளஸ். எழுதினதெல்லாம் உண்மை, பொய்யின்னு தெரிஞ்சா இடத்தத் திரும்ப எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கான். எல்லாரும் போடறதுதான். ரெண்டுல ஒண்ணுதான். இது பொய்னா, இன்னிக்கே அவனுக்கு இடம் இல்ல. உண்மைன்னா, அவனும் குழந்தை இருக்கறவன். விடுதி விதி அவனுக்கும்தான். அவனும் ரெண்டு வருஷம் கழிச்சு வரட்டும்."

"சாரம் உண்மைதானே!" என்றார் மெரிடித். "கட்டுரைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். உலகத்துல எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் எழுதுது."

"எம்பொண்ணு எழுதல," என்றார் ஆர்மான். அந்த அறையில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

டீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானூறு வீடு அவர் கண்முன் ஓடியிருக்கும். பொய் என்று சொன்னால் கல்லூரி சந்தி சிரிக்கும். உண்மை என்றால் அவர் எழுதிய கடிதம் சந்தி சிரிக்கும். "கோரின்," என்றார், முதல் தடவையாக அவள் பேரைச் சொல்லி, "நீ என்னம்மா எதிர்பார்க்கற? அவன வெளிய அனுப்பணுமா?"

வில்மா அவளைப் பார்த்துத் தலையசைத்தார், ஆமென்று சொல் என்பதுபோல. நானும் மனசுக்குள் அதையேதான் சொன்னேன். துரத்து, அந்தப் பயலைத் துரத்து!

கோரின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யோசித்தாள். பால் தொட்டிக்கு முன்னால் மூன்று வாரம் நின்றவள் அல்லவா.

"வேணாம்," என்றாள். "வெளிய போனா அவங்க அம்மா வேற கல்லூரி பாத்துடுவாங்க. அங்க புதுசா ஒரு கட்டுரை எழுதுவான். எனக்கு மறுபடியும் நான் ஒருத்திதான். இங்கயே இருக்கட்டும், என் கண்ணுக்கு எட்டற தூரத்துல. எழுதினது உண்மைன்னு கையெழுத்துப் போட்டிருக்கான் இல்ல? நான் ஒத்துக்கறேன். உண்மைதான். இனிமே உண்மையா இருக்கட்டும். இவன் இவளோட அப்பன்னு முதல்ல சட்டப்படி எழுதிக் குடுக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி குழந்தை இவன்கிட்ட, காலையில எட்டுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். எனக்கு அப்ப ஆய்வுக்கூடம் இருக்கும்."

"ஆனா விடுதியில..." என்றார் டீன்.

"நூலகத்துக்குப் பின்னால விருந்தினர் வீடு வருஷத்துல பத்து மாசம் பூட்டித்தான் கிடக்கு," என்றேன் நான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டித்தான் கிடந்தது, அதைப் பெருக்குகிறவள் என் தோழி. எனக்கென்ன பயம்?

"அங்க நானும் ஓடெட்டும் இருப்போம்," என்றாள் கோரின். "இவன் தன்னோட நாள்ல வந்து பாத்துக்கிட்டுப் போகட்டும். இவனோட ஒரு வீட்டுல நான் இருக்க மாட்டேன். அதுக்கு எந்த விதி சொன்னாலும் சரி."

"இது அநியாயம். முதல் வருஷப் படிப்பு எவ்வளவு கஷ்டம்னு..." என்று மெரிடித் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் என்ன சொல்கிறோம் என்று காதில் விழுந்திருக்க வேண்டும்.

கோரின் குழந்தையைத் தோளிலிருந்து எடுத்தாள். "பிடி."

"என்ன?"

"செவ்வாய்க்கிழமை வகுப்புல கத்துக்கிட்டயே. பிடி."

ஸ்பென்சர் இரண்டு கையையும் தட்டேந்துகிறவன்போல நீட்டினான். குழந்தையின் தலை பின்னால் சரிந்தது. அறையில் இருந்த மற்ற எல்லோரும் ஒரே குரலில் "தலையப் பிடி!" என்று கத்தினோம். டீன்கூடக் கத்தினார். பையன் சட்டென்று குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குழந்தை அவன் புதுச் சட்டையில் கக்கிற்று. யாரும் துணி கொடுக்கவில்லை.

குழுவில் மற்ற ஐந்து பேரும் கீழே வரவேற்பு நாளில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வில்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரின் விண்ணப்பங்களையும் மேஜையில் வைத்து, கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது தன்னை ஒரு இடத்திலும் விட்டுவைக்கவில்லை. பிறகு கோரினின் இடம் நிலைக்க வேண்டும், அவள் கேட்டபடி வீடு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஆறு கை மேலே போனது. மார்ச்சில் கீழே இருந்த இரண்டு கைகளும் அதில் உண்டு. கடைசியாக டீனும் தூக்கினார். மனசு மாறித் தூக்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணிக்கை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்பென்சரும் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை ஆலோசகர் பக்கத்தில் இல்லை.

கோரின் மாடிப்படியில் இறங்கும்போது அவள் அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்து ஒரு நிமிஷம் அழுதாள். சந்தோஷம் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"இல்லம்மா," என்றாள் என்னிடம். "எனக்குக் குடுத்தத எனக்கே திரும்ப வாங்கறதுக்கு இவ்வளவு கத்தணுமான்னு எரியுது."

அது எனக்கு இன்றைக்கும் எரிகிறது. ஏனென்றால் அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்தை மறுபடி அச்சடித்தபோது அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் கல்லூரி மணிக்கூண்டின் படத்தைப் போட்டார்கள். மெரிடித் சங்கத்தில் அப்படியே இருக்கிறார். அடுத்த வருஷம் வில்மாவைக் குழுவிலிருந்து எடுத்து, ஊர் ஊராகப் போய்க் கல்லூரியைப் பற்றிப் பேசும் வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பதவி உயர்வு என்று பேர் வைத்தார்கள். அவர் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் போகிறார். போகிற இடத்திலெல்லாம் பிள்ளைகளிடம், உங்க கையால செஞ்சத எழுதுங்க என்று சொல்லிவிட்டு வருகிறார்.

செப்டம்பரில் கல்லூரி திறந்தது. முதல் செவ்வாய்க்கிழமை ஸ்பென்சர் எட்டு மணிக்கு விருந்தினர் வீட்டுக்கு வந்தான். வியாழக்கிழமை ஒன்பதுக்கு வந்தான். மூன்றாவது வாரம் வரவே இல்லை. பத்து நிமிஷம் பார்த்தாள் கோரின். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பால் புட்டியும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு, நேரே பொருளாதார வகுப்புக்குள் நுழைந்தாள். நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவன்.

"இன்னிக்கிச் செவ்வாய்க்கிழமை," என்றாள். குழந்தையை அவன் மடியில் வைத்தாள், புட்டியை அவன் கணினிமேல் வைத்தாள். "பதினோரு மணிக்குக் குடிப்பா. ஏப்பம் விடவைக்காம படுக்கவச்சா கக்குவா, உனக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோரின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். அன்றைக்கு அவளுக்குப் பசுவின் இரைப்பையைப் பற்றிய பாடம்.

வகுப்பு முழுக்க அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சுவரோரம் மேலும் கீழும் நடந்தானாம். அடுத்த வியாழன் எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கதவைத் தட்டினான். அவனுக்குப் பாசம் வந்ததா, பயம் வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். கோரினும் கேட்கவில்லை. கதவைத் திறந்தாள், குழந்தையைக் கொடுத்தாள், புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளையைத் தூக்க எப்போதும் நான்கு கைகள் நீளட்டும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உரியதை அவள் கத்தாமலே கொடுக்கிற மனிதர்கள் வாய்க்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், பால் கெடாமல், அந்த வீடு நன்றாக இருக்கட்டும்.